வடக்கு எந்தப் பக்கமுங்க?

உலகத்தில் நிச்சயமானவை என்று நாம் நம்பும் சமாசாரங்கள் சில உண்டு. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பர்ஸ் காலியாக இருக்கும். அவசரமாகக் கிளம்பும் நாளில்தான் பைக் ஸ்டார்ட் ஆகாது. திசைகாட்டியின் முள் வடக்கே காட்டும். இதில் முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மூன்றாவதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

சோமனூர் பக்கம் ஒரு தறிக்கூடக்காரர். இருபத்து நாலு தறி, காடாத் துணி, கூலி நெசவு. பழைய கூடத்தை ஒட்டிப் புதிதாக ஒரு ஷெட் போட, நூறு அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார். கூரை ஏற்ற வேண்டிய நேரத்தில் மைத்துனர் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நிபுணர் பையிலிருந்து பித்தளைத் திசைகாட்டியை எடுத்தார். சுவர் ஓரமாக வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சுவர் நாலு டிகிரி திரும்பி நிக்குதுங்க. இடிச்சுக் கட்டறது உத்தமம்."

இன்ஜினியரிங் படிக்கும் மகன் செல்போனை எடுத்து அதில் இருக்கும் திசைகாட்டியைத் தட்டினான். ஏழு டிகிரி என்றது. சந்தேகம் தீரப் பழைய கூடத்துக்குள் போய்ப் பார்த்தார்கள். இருபது டிகிரி! தறிக்குத் தறி வடக்கு இடம் மாறிக்கொண்டே போயிற்று. தறிக்கூடக்காரர் நொந்துபோய்க் கேட்டாராம்: "ஏனுங்க, வடக்கையும் கூலி மாதிரி உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோணுமா?"

சோமனூரில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை எத்தனை சுற்று இழுக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் முழு வேதனையும் புரியும். நூறு அடிச் சுவர் என்றால் சும்மாவா? செங்கல் இருக்கிறது, சிமெண்ட் இருக்கிறது, பாங்க் கடன் இருக்கிறது. முள்ளை நம்பி இடிப்பதா, வேண்டாமா?

*

முதலில் அந்த இருபது டிகிரிக் கூத்தைத் தீர்த்துவிடலாம்.

நம் பக்கத்தில் பூமியின் காந்த பலம் சுமார் 0.4 காஸ். ஃப்ரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் குட்டிக் காந்தமே இதைவிட நூறு மடங்குக்குப் பக்கத்தில் பலசாலி. ஆகவே பூமி சொல்வது மெல்லிய குரல். தறிக்கூடத்தில் இருப்பதோ டன் கணக்கில் இரும்பு, மோட்டார், கூரையில் இரும்புச் சட்டம், சுவருக்குள் கம்பி. கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ காதில் ரகசியம் சொன்ன மாதிரிதான். முள் என்ன செய்யும் பாவம், பக்கத்தில் இருக்கிற இரும்பைப் பார்த்துத் திரும்பும். செல்போனுக்கும் அதே கதி. போதாக்குறைக்கு அதன் கவரிலேயே மூடுவதற்கு ஒரு காந்தம் வைத்துத் தைத்திருப்பார்கள்.

(வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தை இழுத்துவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரத்தின் காந்தம் 15,000 காஸ். பூமியைப் போல முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கு மேல். அதற்குள் தலையை விட்டுப் படுத்தவர்கள் எழுந்து வந்து காபி சாப்பிடுகிறார்கள். தலை சுற்றுவது பில்லைப் பார்த்த பிறகுதான்.)

சரி, இரும்பை எல்லாம் விட்டு விலகி, காட்டுக்கு நடுவில் போய் நின்று பார்த்தால்? அப்போதும் முள் சரியான வடக்கைக் காட்டாது! கோயமுத்தூர் வட்டாரத்தில் இப்போது அது ஏறக்குறைய 2 டிகிரி மேற்கே ஒதுங்கி நிற்கிறது. ஏனென்றால் வடக்கில் இரண்டு வகை. பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அதன் முனை ஒரு வடக்கு, வரைபடத்தில் இருப்பது. காந்த முள் காட்டுவது இன்னொரு வடக்கு. இரண்டும் ஒன்றல்ல. இந்த விலக்கம் ஊருக்கு ஊர் வேறுபடும். 2 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். நூறு அடிச் சுவரில் அது மூன்றரை அடி!

இதில் வேடிக்கை என்னவென்றால், மயமதம் மாதிரியான பழைய வாஸ்து நூல்கள் திசை பார்க்கக் காந்த முள்ளைக் கேட்பதே இல்லை. அவை சொல்வது சங்கு முறை. சமதரையில் ஒரு குச்சியை நேர்க்குத்தாக நட்டு, அதைச் சுற்றிக் கயிறு பிடித்து ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் குச்சியின் நிழல் நுனி சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மாலையில் நீண்டுகொண்டே போய்த் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே வடக்கு தெற்கு. செலவு ஒரு குச்சி, ஒரு கயிறு. பாட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

நம் தறிக்கூடக்காரரின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நின்று இதைச் செய்து பார்த்தான். சுவர் ஒரு டிகிரிக்குள் சரியாகவே இருந்தது. நிபுணர் கண்ட நாலில் இரண்டு, முள்ளின் பிறவி விலக்கம். மிச்சம், சுவரில் இருந்த கம்பியின் கைங்கரியம். சாஸ்திரமே சொல்லிவிட்ட பிறகு மைத்துனர் என்ன பேசுவார்? கூரை ஏறிவிட்டது.

*

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பக்கத்தை வேறு விஷயத்துக்குக் கொடுத்திருப்பேன். அந்த 2 டிகிரி இருக்கிறதே, அது நிலையானது இல்லை. நகர்கிறது.

லண்டன்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1580-ல் வில்லியம் பரோ என்பவர் லண்டனில் அளந்தபோது முள் சரியான வடக்கிலிருந்து சுமார் 11 டிகிரி கிழக்கே நின்றது. 1634-ல் ஹென்றி ஜெலிபிராண்ட் அளந்தார். 4 டிகிரிதான் வந்தது. கருவி கோளாறா, ஆள் கோளாறா என்று பழைய கணக்குகளை எல்லாம் சரிபார்த்துவிட்டு, அடுத்த வருஷம் துணிந்து அச்சில் போட்டார்: முள்தான் மாறுகிறது! அது அதோடு நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி மேற்கே போய், 1820 வாக்கில் 24 டிகிரியைத் தொட்டு, மனசு மாறி மெல்லத் திரும்பி, 2019-ல் கிரீனிச்சில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. மொத்தம் 35 டிகிரி ஊஞ்சல். முள்ளை நம்பி வீட்டைத் திருப்புவதென்றால் லண்டனில் ஒரு பரம்பரையே கொத்தனார் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

காந்த வட துருவமும் அப்படித்தான். 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற மாலுமி கனடாவின் வட கோடியில் அதைக் கண்டுபிடித்து, நடந்துபோய் நின்றார். அதற்குப் பிறகு அது ஒரு இடத்தில் நின்றதில்லை. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் நிதானமாக நடந்துகொண்டிருந்த ஆசாமிக்குத் தொண்ணூறுகளில் என்ன தோன்றியதோ, வருஷத்துக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சைபீரியாவைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. சமீப காலமாகக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வருஷத்துக்கு 35 கிலோமீட்டர் அளவில்.

கப்பலும் விமானமும் உங்கள் செல்போனும் வழி தவறாமல் இருக்க, பூமியின் காந்த நிலவரத்தை ஒரு கணக்காக்கி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். துருவத்தின் ஓட்டம் கணக்கை மீறிப் போனதால் ஐந்து வருஷத் தவணை வரும் முன்பே, 2019 பிப்ரவரியில், அவசரமாக ஒரு இடைத் திருத்தத்தை வெளியிட வேண்டி வந்தது. 2024 டிசம்பரிலும் ஒரு புதுக் கணக்கு வந்தது. பீளமேட்டில் கோயமுத்தூர் விமான நிலையத்தின் ஓடுதளத்துக்கு ஒரு முனையில் 05, மறு முனையில் 23 என்று எண் உண்டு. அது சீட்டு நம்பர் இல்லை. திசைகாட்டிப்படி ஏறக்குறைய 50 டிகிரி, 230 டிகிரி என்பதன் சுருக்கம். முள் அதிகமாக நகரும் நாடுகளில் இந்த எண்ணை அழித்துவிட்டு வேறு எழுதுகிறார்கள். அமெரிக்காவில் டாம்பா விமான நிலையம் 2011-ல் அப்படிச் செய்தது. நம் பக்கம் மாற்றம் மெதுவாக நடப்பதால் பெயிண்ட் செலவு மிச்சம்.

ஏன் இப்படி அலைகிறது? பூமிக்குள் ஒரு பெரிய காந்தக் கட்டை படுத்துக்கொண்டிருக்கிறது என்று ஸ்கூலில் படம் போட்டுக் காட்டினார்களே?

*

அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று இங்கிலாந்தில் வில்லியம் கில்பர்ட் 1600-ல் புத்தகம் போட்டுச் சொன்னார். அவர் காலத்துக்கு அது அபாரமான ஊகம். ஆனால் இரும்பைச் சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது காந்தமாக இருக்கும் வித்தையை மறந்துவிடும். பூமிக்குள் கொஞ்சம் ஆழம் போனாலே அந்தச் சூடு வந்துவிடுகிறது. நடு மையத்தில் 5,000 டிகிரிக்கும் மேல். அங்கே காந்தக் கட்டை தாக்குப்பிடிக்காது.

உள்ளே இருப்பது இது: நம் காலடியிலிருந்து 2,900 கிலோமீட்டர் வரை பாறை. அதற்குக் கீழே உருகிய இரும்பும் கொஞ்சம் நிக்கலும் சேர்ந்த ஒரு சமுத்திரம், 2,200 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அதற்கும் நடுவில், அழுத்தம் தாங்காமல் கெட்டியாகிப்போன இரும்பு உருண்டை ஒன்று. அந்த உருண்டை இருப்பதைப் பூகம்ப அலைகளை வைத்து 1936-ல் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி.

காந்தம் பிறப்பது அந்த உருகிய சமுத்திரத்தில். எப்படி என்பது சோமனூர்க்காரர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

தறி மோட்டாரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே காந்தக் கல் எதுவும் கிடையாது. செம்புக் கம்பிச் சுருள்தான். கரண்ட் ஓடினால் காந்தம் வரும். ஸ்விட்சை அணைத்தால் போய்விடும். இதைத் திருப்பிப் போட்டால் டைனமோ. காந்தத்துக்கு நடுவில் சுருளைச் சுற்றினால் கரண்ட் வரும். 1866-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸும், அதே சமயத்தில் இங்கிலாந்தில் வேறு சிலரும் ஒரு குறும்பு செய்தார்கள். டைனமோவுக்குத் தனிக் காந்தம் எதற்கு? அதில் வரும் கரண்டையே எடுத்து அதன் காந்தச் சுருளுக்குக் கொடுத்தால் என்ன? கரண்ட் காந்தத்தை வளர்க்கும். காந்தம் கரண்டை வளர்க்கும். ஆரம்பிக்க மட்டும் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிக் காந்தம் போதும். மற்றபடி சுற்றுகிறவன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

2012 வாக்கில் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தபோது ஜெனரேட்டர் வைத்துத் தறி ஓட்டியவர்களுக்கு இது கைப்பாடம். ரொம்ப நாள் சும்மா கிடந்த ஜெனரேட்டரை ஓட்டினால் டீசல் போகும், புகை வரும், கரண்ட் மட்டும் வராது. எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு பாட்டரியின் இரண்டு ஒயரைச் சுருளில் ஒரு தொடு தொடுவார். உயிர் வந்துவிடும். அந்தத் துளிக் காந்தம்தான் தொலைந்து போயிருந்தது.

பூமிக்குள் இருப்பதும் இப்படித் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் டைனமோதான். பெரிய கோள்களின் காந்தத்துக்கு இந்த வழி உண்டு என்று 1919-ல் ஜோசப் லார்மர் சூரியனை வைத்து யோசனை சொன்னார். செம்புக் கம்பி வேண்டாம். உருகிய இரும்பே கரண்டைக் கடத்தும். சுற்றுகிறவன் யார்? சூடு. அடியில் சூடான இரும்பு மேலே வரும். ஆறிய இரும்பு கீழே போகும். சாயப்பட்டறைத் தொட்டி கொதிப்பது போல. தவிர, நடுவில் இருக்கும் கெட்டி உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து வளர்கிறது. உறையும்போது இரும்பில் கலந்திருக்கும் லேசான சரக்கு வெளியே தள்ளப்பட்டு மேலே மிதந்து வருவதும் கலக்கலுக்கு உதவுகிறது. வேகம் என்னவோ ஆமை நடைதான், வருஷத்துக்கு ஒரு பத்து இருபது கிலோமீட்டர். ஆனால் சமுத்திரம் பெரிசு.

வெறுமனே கொதித்தால் மட்டும் போதாது. அது முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். பூமி சுழல்வதால் மேலே வரும் ஓட்டமெல்லாம் சுருள் சுருளாகத் திரும்புகிறது. நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பஞ்சுத் திரியை இழு, இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர், முறுக்கு. பிய்ந்துபோகிற பஞ்சு, பாவுக்குப் போகும் கெட்டி நூலாகிவிடுகிறது. நகரும் இரும்பு, காந்தக் கோடுகளைத் தன்னோடு இழுத்துப் போகிறது. இழுத்து, முறுக்கி, மடித்து, மறுபடி இழுத்து... மெலிந்த காந்தம் பலப்படுகிறது. இதை நிறுத்தினால் என்ன ஆகும்? சில பத்தாயிரம் வருஷங்களில் பூமியின் காந்தம் கரைந்து காணாமல் போய்விடும். ஆனால் 340 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறைகளிலேயே காந்தத் தடம் இருக்கிறது. என்ன அர்த்தம்? இந்த மில் அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஷட்டர் போடவில்லை.

முள் ஏன் அலைகிறது என்பதற்கும் இதுவே பதில். கட்டை என்றால் அசையாமல் கிடக்கும். கொதிக்கிற தொட்டி எப்படி ஒரே மாதிரி இருக்கும்?

*

இந்த மாற்றத்தை உட்கார்ந்து எழுதி வைத்தவர்களில் நம் ஆட்கள் முக்கியமானவர்கள்.

திருவனந்தபுரத்தில் மன்னர் சுவாதித் திருநாள் 1837-ல் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். 1852-ல் அதன் பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கீழே அளந்தது போதவில்லை. உயரத்தில் முள் எப்படி ஆடுகிறது என்று பார்க்க, 6,000 அடிக்கு மேல் இருக்கும் அகத்தியர் மலை உச்சியில் 1855-ல் ஒரு காந்த ஆய்வுக் கூடத்தையே கட்டிவிட்டார். காடு, குளிர், மழை, அட்டை. அங்கே போய்க் காந்த முள்ளைப் பார்த்துக் குறிப்பெடுப்பதென்றால் அந்தக் காலத்து வேலைப் பற்று அது.

இடம் பொருத்தமான இடம். பார்வதி கல்யாணத்தன்று வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட, சமன் செய்ய அனுப்பப்பட்டவர் அகத்தியர் என்பது நம் புராணம். காந்த நடுக்கோடு அந்த வட்டாரத்தை ஒட்டித்தான் போகிறது. அந்தக் கோட்டில் கட்டித் தொங்கவிட்ட காந்த முள் வடக்கேயும் தாழாது, தெற்கேயும் தாழாது. சமமாகக் கிடக்கும்! தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியதற்கும் இந்தக் கோடுதான் காரணம். இதுவும் வருஷத்துக்கு வருஷம் மெல்ல நகரும் கோடுதான்.

பம்பாயில் கொலாபா ஆய்வுக் கூடம் 1841-லிருந்து காந்தத்தை அளந்துவந்தது. அதன் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் மூஸ். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் அவர் கவலைப்பட்டார். டிராம் கரண்ட் முள்ளைக் குழப்பிவிடுமே! நகரத்துக்கு டிராம் வேண்டாம் என்று அவர் கொடி பிடிக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அலிபாகில், இரும்பு ஆணிகூட அடிக்காமல் புதிய கூடம் கட்டினார். 1904-லிருந்து 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்து, பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டுகிற மாதிரி தைத்துவிட்டு, கொலாபாவில் காந்தம் அளப்பதை நிறுத்தினார். 1907-ல் டிராம் ஓட ஆரம்பித்தது. அலிபாகில் இன்றைக்கும் அளக்கிறார்கள். உலகத்திலேயே இவ்வளவு நீளமான, அறுபடாத காந்தப் பேரேடுகள் சிலதான். அதில் ஒன்று நம்முடையது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் ரொம்ப நாள் கேள்விப்படவில்லை.

அந்தப் பேரேட்டின் மதிப்பு ஒரு நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த ஒரு பயங்கரக் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. அந்தப் புயல் எவ்வளவு பெரிசு? மற்ற ஊர்களின் கருவிகள் அளவு மீறிப்போய்ப் பதிவைக் கோட்டைவிட, கொலாபா நோட்டுப் புத்தகம் சொன்னது: 1,600 நானோடெஸ்லா சரிவு. நம் பக்கத்து மொத்த பலமே 40,000 தான். 2003-ல் விஞ்ஞானிகள் அந்தப் பழைய நோட்டை எடுத்துத்தான் புயலின் அளவைக் கணக்கிட்டார்கள். உள்ளே டைனமோ ஆடும் ஆட்டம் வருஷக் கணக்கு; சூரியன் வெளியிலிருந்து ஆட்டும் ஆட்டம் மணிக் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, யாரோ விடாமல் எழுதியிருக்க வேண்டும்.

*

பெரிய ஆட்டம் ஒன்று பாக்கி. கரண்ட்காரர் மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் தறி மோட்டார் தலைகீழாகச் சுற்றும். காலையில் வந்து ஸ்விட்சைப் போட்டவர் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. பூமியும் தன் துருவங்களை அப்படி மாற்றிப் போட்டிருக்கிறது. ஒரு முறை இல்லை, நூற்றுக்கணக்கான முறை.

1906-ல் பிரான்சில் பெர்னார் புரூன் என்பவர் ஒரு பழைய எரிமலைக் குழம்புப் பாறையில் காந்தம் தலைகீழாக இருப்பதைச் சொன்னார். குழம்பு ஆறும்போது அதில் இருக்கும் இரும்புத் தாதுக்கள் அன்றைய வடக்கைப் பார்த்து உறைந்துவிடும். அப்புறம் மாறாது. அன்றைய தேதி போட்ட ரசீது மாதிரி. ஜப்பானில் மோட்டோனோரி மட்டுயாமா 1929-ல் பல பாறைகளை வைத்து இதை உறுதியாக்கினார்.

நம் நாட்டில் இந்த ரசீது மலை மலையாகக் குவிந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தக்காணப் பீடபூமி 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானது. அதில் பெரும்பகுதி தலைகீழ்க் காந்தம்! மகாபலேஷ்வர் மலைச்சரிவில் கீழ் அடுக்குகளில் முள் தலைகீழ். உச்சி அடுக்குகளில் இன்றைக்கு இருக்கும் பக்கம். நடுவில் ஒரு கட்டத்தில் பூமி துருவம் மாற்றியிருக்கிறது. 1956-ல் கிளெக் முதலிய ஆங்கில விஞ்ஞானிகள் இந்தப் பாறைகளை அளந்தபோது இன்னொரு அதிசயமும் கிடைத்தது. முள் சாய்ந்திருந்த கோணத்தைப் பார்த்தால், பாறை உறைந்தபோது இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்திருக்கிறது. துருவம் மட்டுமில்லை, நாமும்தான் ஊர்ந்து வந்திருக்கிறோம்.

ஏன் மாறுகிறது? டைனமோவுக்கு எந்தப் பக்கம் வடக்கு என்பதில் அக்கறை இல்லை. எப்படி இருந்தாலும் அது ஓடும். பழைய கார்களின் டைனமோவுக்குப் பாட்டரி ஒயரை மாற்றித் தொட்டால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி, அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கொதிப்பில் ஏற்படும் குழப்பம் ஒரு கட்டத்தில் பெரிதாகிக் காந்தத்தை மெலியவைக்கிறது. மறுபடி தலையெடுக்கும்போது எந்தப் பக்கம் என்பது சுண்டிவிட்ட காசு. 1995-ல் கிளாட்ஸ்மையர், ராபர்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டினார்கள். யாரும் சொல்லாமலே, நடுவழியில் கணக்கு தன் துருவத்தை மாற்றிக்கொண்டது! பிரான்சில் உருகிய சோடியத்தைச் சுழற்றிச் செய்த சோதனையிலும் துருவம் தானாக மாறியதை 2007-ல் அறிவித்தார்கள்.

கடைசி மாற்றம் சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்னால். அப்படியானால் அடுத்தது எப்போது? இதற்கு டைம்டேபிள் கிடையாது. கோடிக்கணக்கான வருஷம் மாறாமலும் இருந்திருக்கிறது. 1830-களில் காஸ் அளக்க ஆரம்பித்ததிலிருந்து பூமியின் காந்தம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்திருப்பது உண்மை. தென் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே அட்லாண்டிக்கின் மேல் அது ரொம்பவே மெலிவு. ஹப்பிள் தொலைநோக்கி அந்த இடத்தைத் தாண்டும்போது படம் எடுப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் இதை வைத்து "நாளைக்கே துருவம் மாறுகிறது, உலகம் அழிகிறது" என்று வாட்ஸப்பில் அனுப்பும் புண்ணியவான்களை நம்ப வேண்டாம். நீண்ட காலச் சராசரியோடு பார்த்தால் இன்றைய பலம் குறைச்சல் இல்லை. மாறினாலும் ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டு மாறும். 41,000 வருஷத்துக்கு முன்னால் காந்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய் மீண்டது. அப்போது இருந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

*

நம் கவலை துருவம் மாறுவதில் இல்லை. இந்தக் காந்தம் நமக்குக் குடை. விண்வெளியிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களில் பலவற்றை இது திருப்பி விடுகிறது. குடை ஒரு நிமிஷம் விலகினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் ஊட்டியிலேயே பார்த்திருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக் கூடம் அங்கே காஸ்மிக் கதிர்களை இரவு பகலாக எண்ணுகிறது. 2015 ஜூன் 22-ல் ஒரு சூரியப் புயல் வந்து மோதியபோது, வழக்கத்தைவிட அதிகமான துகள்கள் இரண்டு மணி நேரம் கொட்டின. காந்தக் குடை கொஞ்ச நேரம் தளர்ந்து, இடுக்கு வழியே கதிர்கள் நுழைந்தன என்று 2016-ல் ஊட்டிக் குழு எழுதியது. அன்றைக்குத் திருப்பூரில் பனியன் தைத்தவர்களுக்கும் சோமனூரில் நாடா மாற்றியவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. காற்றுமண்டலம் இரண்டாவது குடையாக நின்றது.

ஆனால் கரண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1989 மார்ச் 13-ல் இதே போன்ற புயல் ஒன்றில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 60 லட்சம் பேர். 2024 மே மாதத்துப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். மின்வெட்டின் வலி தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் கீழே ஓடும் அந்த எந்திரத்தின் பலமும் பலவீனமும், தறிக்கூடத்து மீட்டர் வரை வந்து சேருகிற சமாசாரம்தான். அதனால்தான் அலிபாகிலும் ஊட்டியிலும் யாரோ நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, நாளைக்கு யாராவது உங்கள் வாசலில் திசைகாட்டியை நீட்டி "வடக்கு தப்பா இருக்குதுங்க" என்றால் பதறாதீர்கள். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"எந்த வருஷத்து வடக்குங்க?"